கவர் ஓரிகான்: கண்காணித்தவர்கள் பலர், நிறுத்தக்கூடியவர் எவருமில்லை

2013 அக்டோபர் 1 அன்று அமெரிக்க மாநிலங்களின் மருத்துவக் காப்பீட்டுச் சந்தைகள் திறந்தபோது, ஓரிகான் மாநிலத்தின் 'கவர் ஓரிகான்' இணையதளத்தில் ஒரு குடிமகன் தாமாக விண்ணப்பித்து, மானியத் தகுதியை அறிந்து, காப்பீட்டுத் திட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே அமர்வில் சேர்ந்து முடிக்க இயலவில்லை. முதல் வாரங்களில் வேறு பல மாநிலங்களின் தளங்களும் மத்திய அரசின் தளமும்கூடத் தடுமாறின. அவை சில மாதங்களுக்குள் முழுமையாகவோ அரைகுறையாகவோ எழுந்து நின்றன. ஓரிகானின் தளமோ அந்தச் சேர்க்கைக் காலம் முழுவதும் பொதுமக்களுக்குத் திறக்கவே இல்லை. 2014 பிப்ரவரியில் முகவர்களும் உதவி அமைப்புகளும் மட்டும் அதைப் பயன்படுத்த அனுமதிக்கப்பட்டனர். மற்றவர்கள் காகிதப் படிவங்களை நிரப்பினர். அவற்றைக் கையால் சரிபார்ப்பதற்கென்றே நூற்றுக்கணக்கான தற்காலிகப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். இதற்காக மாநிலத்துக்கு மத்திய அரசு ஒதுக்கிய மானியம் சுமார் 30.5 கோடி டாலர். திறப்பு நாளிலிருந்து பதினேழு மாதங்களில் சட்டமன்றம் தளத்தை நடத்திய நிறுவனத்தையே கலைத்துவிட்டது.

இந்தக் கதை பெரும்பாலும் மென்பொருள் தோல்வியாகவே சொல்லப்படுகிறது. மென்பொருள் தோற்றது உண்மை. ஆனால் கூர்ந்து பார்க்க வேண்டியது அதற்கு மேலே இருந்த அமைப்பை. ஓரிகானில் ஆட்சிக்குழு இருந்தது, தர உறுதி ஆலோசகர் இருந்தார், சட்டமன்றத்தின் நிதி அலுவலகம் இருந்தது, மத்திய அரசின் மேற்பார்வையும் இருந்தது. இவர்களில் ஒருவர்கூடத் தூங்கவில்லை என்றே பதிவுகள் காட்டுகின்றன. எச்சரிக்கைகள் மாதாமாதம் எழுதப்பட்டன. எழுதியவரிடம் வேலையை நிறுத்தும் அதிகாரம் இல்லை. அதிகாரம் இருந்தவருக்கோ நிறுத்துவதில் அக்கறை இல்லை. இந்த ஆய்வின் வாதம் இவ்வளவுதான்.

சட்டம் கேட்டதும் கேட்காததும்

2010 மார்ச்சில் கையெழுத்தான மருத்துவக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டம், ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு காப்பீட்டுச் சந்தையை நடத்தலாம், இல்லையேல் மத்திய அரசு நடத்தும் என்று வகுத்தது. வேலை செய்யும் நிறுவனத்தின் வழியே காப்பீடு இல்லாத நடுத்தர, குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு, பிரீமியத்தைக் குறைக்கும் வரிச்சலுகை சந்தை வழியே வாங்கினால் மட்டுமே கிடைக்கும் என்பதால், இந்தச் சந்தை வெறும் விற்பனைத் தளமன்று. வருமானத்தைச் சரிபார்ப்பதும், மெடிக்கெய்ட் என்னும் ஏழைகளுக்கான அரசுத் திட்டத்துக்குத் தகுதியானவரைப் பிரித்து அனுப்புவதும், எந்தக் காப்பீட்டுத் திட்டங்கள் அங்கே விற்கத் தகுந்தவை என்று சான்றளிப்பதும் அதன் கடமைகள்.

சந்தையை நடத்தும் அமைப்பு, மாநிலம் நிறுவிய அரசு முகமையாகவோ இலாப நோக்கற்ற நிறுவனமாகவோ இருக்க வேண்டும். அது தனித்த ஆட்சிக்குழுவின் கீழ் இயங்கினால், நுகர்வோர் சார்பில் வாக்குரிமையுள்ள ஓர் உறுப்பினராவது அக்குழுவில் இருக்க வேண்டும். காப்பீட்டு நிறுவனங்களின் ஆட்களும் முகவர்களும் பெரும்பான்மையாகிவிடக் கூடாது. உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் காப்பீடு, பொதுச் சுகாதாரம், நிதி போன்ற துறைகளில் அனுபவம் உள்ளவராக இருக்க வேண்டும். கூட்டங்கள் முன்னறிவிப்புடன் பொதுவெளியில் நடக்க வேண்டும். பணத்தைப் பொறுத்தவரை ஆண்டுதோறும் மத்திய அரசுக்குக் கணக்கு, வெளித்தணிக்கையாளரின் தணிக்கை, பத்தாண்டுகள் ஆவணப் பாதுகாப்பு ஆகியவை கட்டாயம். தொடர்ந்து பெருமுறைகேடு கண்டறியப்பட்டால், மாநிலத்துக்குச் சேர வேண்டிய தொகையில் ஒரு விழுக்காடு வரை பிடித்துவைக்க மத்திய சுகாதாரத் துறைச் செயலருக்கு உரிமை உண்டு. 2015 ஜனவரி முதல் சந்தை தன் வருவாயிலேயே நிற்க வேண்டும்.

நல்ல விதிகள்தாம். ஆனால் அனைத்தும் நடந்துகொண்டிருக்கும் சந்தையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. யார் குழுவில் அமரலாம், யார் அமரக் கூடாது, செலவுக்குக் கணக்கு எங்கே என்பவற்றையே அவை கேட்டன. இல்லாத ஒன்றை மூன்றரை ஆண்டுகளில் கட்டியெழுப்பும் கட்டத்தில் யார் பொறுப்பு, யார் கைகாட்டினால் வேலை நிற்கும் என்பதை அந்தந்த மாநிலத்தின் தீர்மானத்துக்கே விட்டுவிட்டன.

மாநிலங்களும் வெவ்வேறு வழியில் சென்றன. கலிபோர்னியா 2010-லேயே ஐந்து பேர் மட்டுமே கொண்ட ஒரு குழுவை அமைத்து, காப்பீட்டு நிறுவனம், முகவர், மருத்துவமனை ஆகியவற்றோடு தொடர்புடையவர் எவரும் அதில் உறுப்பினராக முடியாது என்று கறாராகச் சட்டம் இயற்றியது. கென்டக்கியில் சட்டமன்றத்தைத் தாண்டி, 2012-ல் ஆளுநர் ஸ்டீவ் பெஷியர் ஒரு நிர்வாக ஆணையால் சந்தையைச் சுகாதாரத் துறைக்குள்ளேயே நிறுவினார். (அமெரிக்க மாநிலங்களில் ஆளுநர் மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர், அதிகாரத்தில் நம் முதலமைச்சருக்கு நிகரானவர்.) ஓரிகான் மூன்றாவது வழியை எடுத்தது.

இரு வீட்டில் ஒரு திட்டம்

2011-ல் நிறைவேறிய செனட் மசோதா 99, ஓரிகான் மருத்துவக் காப்பீட்டுச் சந்தைக் கழகம் என்ற பொதுக்கழகத்தை உருவாக்கியது; 'கவர் ஓரிகான்' என்று பின்னர் அழைக்கப்பட்டது இதுவே. அதன் ஆட்சிக்குழுவில் ஒன்பது பேர். ஏழு பேரை ஆளுநர் நியமித்து மாநில செனட் உறுதிசெய்யும். ஓரிகான் சுகாதார ஆணையத்தின் இயக்குநரும், காப்பீட்டை ஒழுங்குபடுத்தும் நுகர்வோர் மற்றும் வணிகச் சேவைத் துறையின் இயக்குநரும் பதவிவழி உறுப்பினர்கள். வேகமாகச் செயல்பட வேண்டும் என்பதற்காகக் கழகத்துக்கு அரசின் வழக்கமான கொள்முதல், பணியமர்த்தல் விதிகள் பலவற்றிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. அன்றைய ஆளுநர் ஜான் கிட்ஸாபர் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்து அரசியலுக்கு வந்தவர்; மருத்துவச் சீர்திருத்தம் அவருக்கு வெறும் தேர்தல் வாக்குறுதியன்று. ஓரிகான் இதில் முன்னோடி என்ற பெயர் நாடெங்கும் இருந்தது.

அந்தப் பெயரே முதல் சிக்கலுக்கு வழிவகுத்தது. கழகம் பிறப்பதற்குச் சில மாதங்கள் முன்பே, 2011 பிப்ரவரியில், முன்னோடி மாநிலங்களுக்கான சிறப்பு மானியமாக 4.8 கோடி டாலரை மத்திய அரசு ஓரிகானுக்கு வழங்கியது. கழகம் இல்லாததால் அப்பணத்தைச் சுகாதார ஆணையம் பெற்றுக்கொண்டது. ஆகவே மென்பொருளைக் கட்டும் வேலையும் ஒப்பந்தங்களும் ஆணையத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவிடம் போயின. திறப்பு நாளில் மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டியது கழகம்; அதற்கான கருவியைச் செய்துகொண்டிருந்தது வேறொரு துறை. கழகத்தின் நிர்வாக இயக்குநர் ராக்கி கிங், தம்மிடம் இல்லாத ஊழியர்களின் வேலைக்கும் தாம் கையெழுத்திடாத ஒப்பந்தத்துக்கும் பொறுப்பேற்கும் நிலையில் இருந்தார். ஆணையத்தின் தலைமைத் தகவல் அதிகாரியோ கழகத்தின் ஆட்சிக்குழுவுக்குக் கீழ்ப்பட்டவரல்லர்.

போதாக்குறைக்கு, மாநிலத்தின் மனிதநலத் துறையின் தகுதி நிர்ணய முறையை நவீனப்படுத்தும் பெரிய திட்டமும் இதோடு பிணைக்கப்பட்டது. உணவு உதவி, மெடிக்கெய்ட், தனியார் காப்பீடு அனைத்துக்கும் ஒரே வாசல் என்பது அழகான எண்ணம். அதன் விளைவாக மேலும் ஒரு துறை மேசைக்கு வந்தது. முடிவெடுப்பவர் யார் என்பது மேலும் மங்கியது.

ஒப்பந்தங்களின் வடிவம் இதைவிட மோசம். இத்தகைய பெருந்திட்டங்களில் எல்லாப் பகுதிகளையும் இணைத்து இறுதி விளைவுக்குப் பொறுப்பேற்கும் ஒருங்கிணைப்பு நிறுவனம் ஒன்றை அமர்த்துவது வழக்கம். ஓரிகான் அந்தப் பணியைத் தானே செய்வதாக முடிவெடுத்தது. மென்பொருளும் ஆட்களும் ஆரக்கிள் நிறுவனத்திடமிருந்து வந்தனர். அதுவும் டெல் நிறுவனத்துடன் மாநிலம் ஏற்கெனவே வைத்திருந்த விலை உடன்படிக்கையின் வழியாக, பெரும்பாலும் உழைத்த மணிக்கணக்குக்கே கூலி என்ற அடிப்படையில் வந்தனர். 'டைம் அண்ட் மெட்டீரியல்' என்று மென்பொருள் துறையில் இருக்கும் நம்மவர்கள் நன்கறிந்த முறை இது. எல்லை தெளிவான சிறு வேலைக்கு அது பொருந்தும். எல்லையே வரையப்படாத வேலையில், தாமதத்தின் செலவு முழுவதும் வாங்குபவர் தலையில் விழும். தாம் ஆரக்கிளுக்குக் கொடுத்தது 24 கோடி டாலருக்கும் மேல் என்று மாநிலம் பின்னர் நீதிமன்றத்தில் கூறியது.

சிவப்பு அறிக்கைகள்

மாக்சிமஸ் என்ற நிறுவனம் சுயேச்சையான தர உறுதிப் பணிக்கு அமர்த்தப்பட்டிருந்தது. திட்டத்தின் ஒவ்வொரு கூற்றையும் பச்சை, மஞ்சள், சிவப்பு என மதிப்பிட்டு மாதந்தோறும் அறிக்கை தருவது அதன் வேலை. தொடக்க காலம் முதலே சிவப்பு தென்பட்டது. அதிகாரப் பகிர்வு தெளிவில்லை, திட்ட எல்லை வரையறுக்கப்படவில்லை, கால அட்டவணை நம்பத்தக்கதாக இல்லை என்ற குறிப்புகள் மாதத்துக்கு மாதம் திரும்பத் திரும்ப வந்தன. ஓர் அபாயம் பன்னிரண்டு மாதம் சிவப்பாகவே இருந்தால், பதின்மூன்றாம் மாதம் அதைப் படிப்பவருக்கு அது வழக்கமான நிறமாகிவிடுகிறது. அறிக்கைக்குப் பதில் எழுத வேண்டும், இத்தனை மாதம் சிவப்பாக நீடித்தால் பணம் விடுவிப்பது தானாக நிற்கும் என்பதுபோன்ற எந்தக் கட்டாயமும் அந்த அறிக்கைகளோடு இணைக்கப்படவில்லை.

சட்டமன்றத்தின் நிதி அலுவலகத்திலும் இதே கவலை எழுந்தது. அங்கே மென்பொருள் திட்டங்களை ஆராய்பவர் தொடர்ந்து எச்சரித்துவந்தார். ஆனால் பணத்தின் பெரும்பகுதி மத்திய அரசின் மானியம். தன் வரிப்பணம் செலவாகும் திட்டத்தில் சட்டமன்றத்துக்கு இயல்பாக எழும் கெடுபிடி, வெளியிலிருந்து வரும் பணத்தில் எழுவதில்லை. இதை ஓரிகானின் தனிக்குறை என்று சொல்ல மாட்டேன். மானியத்தில் ஓடும் திட்டங்கள் எங்கும் இப்படித்தான்.

அப்படியானால் மானியம் கொடுத்தவர்? மெடிகேர், மெடிக்கெய்ட் சேவை மையம் என்ற மத்திய முகமைதான் மாநிலச் சந்தைகளை மேற்பார்வையிட்டது. 2012 டிசம்பரில் நிபந்தனையுடன் ஒப்புதல் பெற்ற முதல் ஆறு மாநிலங்களில் ஓரிகானும் ஒன்று. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2015 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, அந்த மேற்பார்வையின் நிலையைக் காட்டியது. பல அலுவலகங்களுக்குப் பொறுப்பு பிரித்துத் தரப்பட்டிருந்தாலும், எந்த அலுவலகத்தின் கடமை எது என்பது மாநிலங்களுக்கு எப்போதும் தெளிவாகச் சொல்லப்படவில்லை. நிதி ஒப்புதல் முடிவுகளில் உரிய மூத்த அதிகாரிகள் அனைவரும் ஈடுபடுத்தப்படவுமில்லை. ஓரிகானில் கண்ட அதே மங்கல் மேல்மட்டத்திலும் இருந்தது என்று இதைப் படிக்கலாம்.

2013 மே மாதம், திறப்புக்கு ஐந்து மாதங்களே இருந்தபோது, கட்டுமானப் பொறுப்பு சுகாதார ஆணையத்திடமிருந்து கழகத்துக்கு மாற்றப்பட்டது. பொறுப்பும் அதிகாரமும் முதன்முறையாக ஒரே கூரையின் கீழ் வந்தன. அந்தக் கட்டத்தில் அது மாற்றியது மிகக் குறைவு.

அதே மாநிலத்தில், அதே மே மாதத்தில்

ஓரிகானின் ஆட்சிமுறையே பழுது என்று முடிவுகட்டுவதற்கு முன், அதே மாதம் நடந்த மற்றொன்றைப் பார்க்க வேண்டும். 2014-க்கான பிரீமிய விகிதங்களைக் காப்பீட்டு நிறுவனங்கள் மாநிலக் காப்பீட்டுப் பிரிவிடம் தாக்கல் செய்தன. அந்தப் பிரிவு அவற்றை ஒப்பிட்டுப் பார்க்கும்படி பொதுவெளியில் வைத்தது. போட்டியாளர்களைவிடத் தம் விகிதம் வெகுவாக உயர்ந்திருப்பதைக் கண்ட பிராவிடன்ஸ், ஃபேமிலி கேர் என்ற இரு நிறுவனங்கள், விகிதத்தைக் குறைத்து மறுபடி தாக்கல் செய்ய அனுமதி கேட்டன.

ஒரே மாநிலம், ஒரே சட்டம், ஒரே ஆளுநர். இங்கே மேற்பார்வை பலித்தது. கேட்ட விகிதத்தை மறுக்கவும் குறைக்கவும் காப்பீட்டுப் பிரிவுக்குச் சட்டபூர்வ அதிகாரம் இருந்தது. எல்லா எண்களும் ஒரே நாளில் எல்லார் கண்ணிலும் பட்டன. எண்ணைத் திருத்த வேண்டியவரும் அதனால் பாதிக்கப்படுபவரும் ஒருவரே. மாக்சிமஸ் அறிக்கைகளுக்கு இம்மூன்றில் எதுவும் வாய்க்கவில்லை. வெளிப்படைத்தன்மை என்று பொதுவாகப் பேசும்போது இந்த வேறுபாடு நழுவிப்போகிறது.

கலைப்பு

தோல்விக்குப் பின் நடந்தவை விரைவானவை. தலைமைத் தகவல் அதிகாரி 2013 டிசம்பரில் விலகினார். மருத்துவ விடுப்பில் சென்ற கிங் பின்னர் பதவி விலகினார். இடைக்காலப் பொறுப்பேற்ற சுகாதார ஆணைய இயக்குநர் புரூஸ் கோல்ட்பர்க், 2014 மார்ச் 20 அன்று ஃபர்ஸ்ட் டேட்டா நிறுவனத்தின் ஆய்வறிக்கை வெளியானபோது விலகலை அறிவித்தார். ஆளுநரே கேட்டுப் பெற்ற அந்த அறிக்கையின் மையமான முடிவு, பல முகமைகள் இருந்தும் ஒற்றை அதிகார மையம் இல்லை என்பதே. ஒருங்கிணைப்பாளர் இல்லாததையும், ஒப்பந்தங்களில் மாநிலத்துக்குப் பிடி இல்லாததையும் அது சுட்டியது. மாக்சிமஸ் ஏற்கெனவே எழுதிவந்தவற்றோடு ஒப்பிட்டால், இதில் புதியது குறைவு.

தளத்தைச் சீர்செய்ய சுமார் 7.8 கோடி டாலர் ஆகும் என்றும், மத்தியத் தளத்துக்கு மாற 40 முதல் 60 லட்சம் டாலர் போதும் என்றும் மதிப்பிடப்பட்டது. 2014 ஏப்ரல் 25 அன்று ஆட்சிக்குழு மத்தியத் தளத்துக்கு மாற வாக்களித்தது. மேலோட்டமாகப் பார்த்தால், சுயேச்சையான குழு கணக்குப் பார்த்துப் பொதுக்கூட்டத்தில் எடுத்த முடிவு. ஆனால் அது ஆளுநரின் மறுதேர்தல் ஆண்டு. உண்மையான முடிவை ஆளுநரின் தேர்தல் ஆலோசகர்களே வழிநடத்தினர் என்று ஆரக்கிள் வழக்குத் தொடுத்தது. அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் மேற்பார்வைக் குழுவில் பெரும்பான்மையாக இருந்த குடியரசுக் கட்சியினரும் 2016-ல் வெளியிட்ட அறிக்கையில் இதே குற்றச்சாட்டை வைத்தனர். ஆளுநர் தரப்பு மறுத்தது. எதிர்க்கட்சியின் அறிக்கை என்ற எச்சரிக்கையோடுதான் இதைப் படிக்க வேண்டும். ஆயினும் ஆளுநர் நியமிக்கும் குழு ஆளுநரிடமிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்க முடியும் என்ற கேள்வி, குற்றச்சாட்டு மெய்யா பொய்யா என்பதைப் பொறுத்ததன்று.

2014 ஆகஸ்டில் ஆரக்கிளும் மாநிலமும் ஒருவர்மேல் ஒருவர் வழக்குத் தொடுத்தன. 2015 பிப்ரவரியில் கிட்ஸாபர் பதவி விலகினார். காரணம் இச்சந்தையன்று, அவருடைய வருங்கால மனைவியின் ஆலோசனைத் தொழில் குறித்த சர்ச்சை. அடுத்து வந்த ஆளுநர் கேட் பிரவுன், மார்ச் மாதத்திலேயே கழகத்தைக் கலைக்கும் மசோதாவில் கையெழுத்திட்டார். சந்தைப் பணிகள் நுகர்வோர் மற்றும் வணிகச் சேவைத் துறைக்குப் போயின. வழக்குகள் 2016 செப்டம்பரில் சமரசத்தில் முடிந்தன: 3.5 கோடி டாலர் ரொக்கமும், சுமார் 6 கோடி டாலர் மதிப்பிட்ட மென்பொருள் உரிமங்களும் ஆதரவும். தோற்ற மென்பொருளுக்கு ஈடாக அதே நிறுவனத்தின் மென்பொருள்.

கென்டக்கியின் எதிர்த்திசை

ஒரே துறைக்குள் வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும் என்று தோன்றலாம். கென்டக்கி அதற்கு நல்ல சான்று, ஒரு கட்டம் வரை. அங்கே 'கைனெக்ட்' சந்தை ஒரே துறையின் கீழ், டெலாய்ட் நிறுவனத்தை ஒருங்கிணைப்பாளராகக் கொண்டு கட்டப்பட்டு, திறப்பு நாளிலேயே இயங்கியது. மெடிக்கெய்ட் தகுதி நிர்ணயத்துக்கு ஓரிகானே பின்னர் கென்டக்கியின் மென்பொருளைத்தான் தழுவிக்கொண்டது.

ஆனால் நிர்வாக ஆணையால் பிறந்ததை நிர்வாக ஆணையாலேயே முடிக்கலாம். 2015 டிசம்பரில் ஆளுநரான மாட் பெவின், நன்றாக இயங்கிய சந்தையைக் கலைத்து, 2017 காப்பீட்டு ஆண்டுக்கு மக்களை மத்தியத் தளத்துக்கு அனுப்பினார். அவரைத் தோற்கடித்த ஆண்டி பெஷியர், தம் தந்தை நிறுவிய சந்தையை 2022 காப்பீட்டு ஆண்டுக்கு மீட்டெடுத்தார். தொழில்நுட்பத்தில் வென்ற சந்தை, தனக்கெனச் சட்டமோ ஆட்சிக்குழுவோ இல்லாததால் தேர்தலுக்குத் தேர்தல் மூடித் திறக்கப்பட்டது. ஓரிகானின் கழகத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இருந்தது, கட்டுமானத்தின் மேல் அதிகாரம் இல்லை. கென்டக்கியில் அப்படியே தலைகீழ். என் கணிப்பில் கழகமா, துறையா, நிறுவனமா என்ற வடிவ விவாதத்துக்கு அளவுக்கு மீறிய இடம் தரப்படுகிறது. ஒப்பந்தத்தில் கையெழுத்திடுபவரும் திறப்பு நாளுக்குப் பதில் சொல்பவரும் ஒருவரா, தர அறிக்கை பணம் விடுவிப்பதைத் தடுக்க வல்லதா என்ற இரு கேள்விகள் அதற்கு முந்தியவை.

மறுபடியும் சொந்தத் தளம்

கழகம் போனாலும், மாநிலம் நிறுவிய சந்தை என்ற சட்டத் தகுதியை ஓரிகான் கைவிடவில்லை. மாநிலம் நிறுவாத சந்தைகளில் வரிச்சலுகை செல்லுமா என்ற வழக்கு அப்போது நிலுவையில் இருந்தது. 2015 ஜூனில்தான் உச்ச நீதிமன்றம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆகவே சேர்க்கைக்கு மத்தியத் தளம், திட்டச் சான்றளிப்புக்கும் மக்கள் உதவிக்கும் மாநிலம் என்ற கலப்பு முறையில் ஓரிகான் தொடர்ந்தது. அந்தத் தளத்துக்கான வாடகையாக மத்திய அரசு வசூலித்த கட்டணம், பிரீமியத்தில் 2017-ல் 1.5 விழுக்காடாக இருந்து 2019-ல் 3 விழுக்காடானது. ஓரிகானைப் போலவே சொந்தத் தளம் தோற்று மத்தியத் தளத்துக்குப் போன நெவாடா, இந்தச் செலவைக் கணக்கிட்டு, 2020 காப்பீட்டு ஆண்டுக்குச் சொந்தத் தளத்துக்குத் திரும்பியது.

ஓரிகானில் சந்தை 2021-ல் மறுபடி சுகாதார ஆணையத்தின் கைக்கு வந்தது. 2023-ல் இயற்றிய சட்டம், 2027 காப்பீட்டு ஆண்டை இலக்காக வைத்து, சொந்தத் தளத்தை அமைக்கும் பொறுப்பை அந்த ஆணையத்திடமே கொடுத்தது. இம்முறை பணம், ஒப்பந்தம், பொறுப்பு மூன்றும் ஓரிடத்தில் உள்ளன. அன்று போலன்றி, பிற மாநிலங்களில் ஓடித் தேர்ந்த தளங்கள் இன்று சந்தையில் கிடைக்கின்றன. வாக்களித்து முடிவெடுத்த பழைய ஆட்சிக்குழுவின் இடத்தில் 2015 முதல் இருப்பது, பதினைந்து பேர் கொண்ட ஆலோசனைக் குழு. அது பொதுவெளியில் கூடுகிறது, கருத்துச் சொல்கிறது. ஒப்பந்தத்தை நிறுத்தும் வாக்கு அதற்கு இல்லை.